சின்ன ஃபைபர் கம்பெனிக்கு மாறுன ஒரு வீடு: லேண்ட்லைன், அலாரம், சர்நேம் (நிகழ்வு ஆய்வு)

எந்த வீடு, என்ன நிலைமை

லண்டன் வெளிப்புறத்துல 1930கள்ல கட்டுன ஒரு செமி டிடாச்டு வீடு. வீட்ல 78 வயசு அம்மா, பையன், மருமக, ஸ்கூல் போற ரெண்டு பசங்க. அப்பா சில வருஷம் முன்னாடி தவறிட்டார். பையன் வாரத்துல பாதி நாள் வீட்ல இருந்துதான் வேலை பாக்குறார், மருமக சாயங்காலம் ஆன்லைன்ல கணக்கு டியூஷன் எடுக்குறாங்க. எனக்கு நெட்வொர்க் வேலைங்கறதால கோயில்ல பாத்தப்ப "அண்ணா, எங்க தெருவுல புதுசா ஃபைபர் வந்திருக்கு, மாறலாமா"ன்னு அந்தப் பையன் கேட்டதுல ஆரம்பிச்சது இது. 2025 ஜனவரியில இருந்து நவம்பர் வரைக்கும் நடந்ததை அவங்க சம்மதத்தோட எழுதுறேன், பேர் ஊர் கம்பெனி எதுவும் கிடையாது.

அவங்க வச்சிருந்தது ஒரு பெரிய கம்பெனியோட பழைய வகை கனெக்‌ஷன், அதாவது தெரு கேபினட் வரைக்கும் ஃபைபர், அங்க இருந்து வீட்டுக்கு பழைய செம்புக் கம்பி. பேப்பர்ல இந்த வகைக்கு டவுன்லோடு 80 மெகாபிட், அப்லோடு 20 வரைக்கும் வரலாம், ஆனா கேபினட் தள்ளி இருந்தா செம்புல அது வேகமா விழுந்துடும். இவங்க வீட்டுக்கு வந்தது 31, அப்லோடு 5. கான்ட்ராக்ட் எப்பவோ முடிஞ்சு போய் மாசாமாசம் ஏத்தின விலையைக் கட்டிக்கிட்டு இருந்தாங்க.

நாட்டோட பெரும்பாலான போன் கம்பி, கம்பம் எல்லாம் வச்சிருக்கற ஓபன்ரீச் கம்பெனியோட ஃபுல் ஃபைபர் (வீடு வரைக்கும் ஃபைபர்) அந்தத் தெருவுக்கு இன்னும் வரல. வந்திருந்தது ஒரு சின்ன கம்பெனி, பெரிய கம்பெனிங்களுக்குப் போட்டியா தங்களோட ஃபைபரைப் போடற வகை, இங்க ஆல்ட்நெட்னு சொல்லுவாங்க. தனியா குழி எதுவும் தோண்டல, ஓபன்ரீச்சோட கம்பத்தையும் நிலத்தடி குழாயையும் வாடகைக்கு எடுத்து அது மேலயே தங்களோட ஃபைபரை இழுத்திருந்தாங்க, இதுக்கு விதிமுறைப்படி வழி இருக்கு, நிறைய ஆல்ட்நெட் அப்படித்தான் பண்றாங்க. 500 மெகாபிட், போறதும் வர்றதும் ஒரே வேகம், விலை இவங்க கட்டிக்கிட்டு இருந்ததை விட நல்லாவே கம்மி.

மாறுறதுக்கு முன்னாடி பாத்தது

முதல்ல பிரச்சனை லைன்லயா வைஃபைலயான்னு பாக்கணும். நிறைய பேர் வைஃபை சரியில்லாம லைனை மாத்திட்டு அப்புறமும் மாடி ரூம்ல அதே கஷ்டத்தோட இருக்காங்க. அதனால லேப்டாப்பை கேபிள்ல நேரா ரவுட்டர்ல சொருகி காலை, மதியம், ராத்திரி பாக்கச் சொன்னேன். எல்லா நேரமும் அதே 31, அதே 5. அப்லோடுதான் முட்டுது, ரெண்டு வீடியோ கால் ஒரே நேரத்துல போனா அந்த 5 காலி. ஆக லைனை மாத்தினா பிரயோஜனம் உண்டு. மாடி பெட்ரூம்ல வைஃபையும் மோசம்தான், அதைத் தனியா குறிச்சு வச்சோம்.

அடுத்தது அந்தப் பழைய லைன்ல என்னென்ன தொங்கிக்கிட்டு இருக்குன்னு வீடு முழுக்க நடந்து பாத்தது. என்னைப் பொறுத்தவரை இந்த மொத்த வேலையில இதுதான் முக்கியமான அரை மணி நேரம்.

ஹால்ல போன் சாக்கெட். அதுல நேரா போன் இல்ல, நடுவுல ஒரு வெள்ளை டப்பா. அம்மா கழுத்துல மாட்டியிருக்கற பட்டனை அழுத்தினா அந்த டப்பா லேண்ட்லைன் வழியா கவுன்சிலோட (உள்ளூர் நிர்வாகம்) அலாரம் சென்டருக்கு டயல் பண்ணும். அப்பா இருந்தப்பவே வச்சது, பையனுக்கு அது போன் லைன்லதான் ஓடுதுங்கறதே ஞாபகத்துல இல்ல. அப்புறம் அந்த லேண்ட்லைன் நம்பர், 30 வருஷப் பழசு, ஆஸ்பத்திரி, ஜிபி (குடும்ப டாக்டர்), ஊர்ல இருக்கற சொந்தக்காரங்க எல்லார்கிட்டயும் அதுதான் இருக்கு, "தம்பி, நம்பர் மட்டும் போயிடக் கூடாது"ன்னு அம்மா என்கிட்ட கேட்டது அது ஒண்ணுதான். அப்புறம் பழைய கம்பெனி குடுத்த ஈமெயில், பேங்க்ல இருந்து வரி ஆபீஸ் வரைக்கும் அதுலதான் லாகின். கடைசியா வாசல் கேமராவோட ரெக்கார்டர், வெளிய இருந்து போன்ல பாக்கறதுக்காக ரவுட்டர்ல ஒரு போர்ட்டை, அதாவது வெளிய இருந்து உள்ள வர ஒரு வழியைத் திறந்து வச்சிருந்தாங்க.

இன்னொண்ணு பில்லை எடுத்துப் பாத்தப்பதான் தெரிஞ்சது. அக்கவுன்ட் இன்னும் அப்பா பேர்லயே இருக்கு. அப்பாவும் அம்மாவும் சேர்ந்து வச்சிருந்த பேங்க் கணக்குல இருந்து பணம் தானா போய்க்கிட்டே இருந்ததால யாரும் அதைத் தொடல.

எடுத்த முடிவுகளும் காரணமும்

அலாரம் மாறி, சோதிச்சு முடிக்கற வரைக்கும் ஆர்டரே போடக் கூடாதுன்னு சொன்னேன். பையனுக்கு அவசரம், ஆஃபர் மாசக் கடைசியில முடியுது. ஆனா இதுல நான் விட்டுக் குடுக்கல. பழைய அலாரம் டப்பா பேசறது டோன் சத்தத்துல, அந்த சத்தம் இன்டர்நெட் வழி போன்ல ஒழுங்கா போய்ச் சேரும்னு உத்தரவாதம் கிடையாது, மாறின அன்னைக்கு டெஸ்ட்ல வேலை செஞ்சுட்டு இன்னொரு நாள் ஏமாத்தலாம். இந்த நாட்டுல 2023ல அப்படி அலாரம் வேலை செய்யாமப் போன மோசமான சம்பவங்கள் நடந்துதான் அந்த டிசம்பர்ல பெரிய போன் கம்பெனிங்க அரசாங்கத்தோட ஒரு சாசனத்துல கையெழுத்துப் போட்டு, கட்டாயமா மாத்தறதை நிறுத்தி வச்சாங்க. நாமளா ஆசைப்பட்டு மாறும்போது அந்தப் பாதுகாப்பெல்லாம் ஆர்டர் ஃபார்ம்ல "வீட்ல அலாரம் இருக்கா"ங்கற ஒரு கேள்வியாத்தான் வரும், அதுல அவசரத்துல இல்லைன்னு டிக் பண்ணிட்டா அவ்வளவுதான்.

கவுன்சிலுக்கு போன் பண்ணினா அவங்ககிட்ட புது டப்பா இருக்கு, உள்ளயே சிம், எந்த மொபைல் நெட்வொர்க் நல்லா இருக்கோ அதைப் பிடிச்சுக்கும், தனி பேட்டரி வேற. பழைய செம்பு போன் நெட்வொர்க்கை 2027 ஜனவரி 31க்குள்ள மூடப் போறதால எப்படியும் எல்லாருக்கும் மாத்திக்கிட்டுத்தான் இருக்காங்க, கேட்டவங்களுக்கு முன்னாடி வருது. சில வாரம் காத்திருக்க வேண்டியிருந்தது. வந்து மாட்டினப்புறம் பாத்ரூம், தோட்டக் கோடி, மாடின்னு எல்லா இடத்துல இருந்தும் அம்மாவையே அழுத்த வச்சு சென்டர்ல ஆள் பேசறாங்களான்னு பாத்தோம். பாத்ரூம் கதவைச் சாத்திட்டு முதல் தடவை சரியா வரல, டப்பாவை ஹால் ஜன்னல் பக்கம் நகர்த்தினதும் சரியாச்சு.

ரெண்டாவது முடிவு, பழைய கம்பெனிக்கு நாம போன் பண்ணி கட் பண்ணச் சொல்லவே கூடாது. லைனை முதல்ல கட் பண்ணிட்டா நம்பர் கையை விட்டுப் போக வாய்ப்பு அதிகம். 2024 செப்டம்பர் 12ல இருந்து இங்க ஒன் டச் ஸ்விட்ச்னு ஒரு முறை நடைமுறையில இருக்கு, புது கம்பெனிகிட்ட மட்டும் சொன்னா போதும், அவங்க பழைய கம்பெனிகூட பேசிக்குவாங்க, பழையவங்க நமக்கு ஒரு மெசேஜ் அனுப்பணும், அதுல எக்ஸிட் கட்டணம் உண்டா, வேற எந்த சர்வீஸ் பாதிக்கும்னு எல்லாம் இருக்கும். முன்னாடி ஓபன்ரீச் லைன்ல இருந்து வேற நெட்வொர்க்குக்குப் போறவங்க ரெண்டு பக்கமும் தாங்களே அல்லாடணும். இப்ப நம்பரையும் சேர்த்து மாத்தச் சொல்லலாம். சின்ன கம்பெனி மாசம் கொஞ்சம் கூடுதல் காசுக்கு போன் சர்வீஸ் குடுத்தது, நம்பருக்காக அதை எடுத்தாங்க.

சின்ன கம்பெனி மூழ்கிட்டா என்ன பண்றதுன்னு பையன் கேட்டது நியாயமான கேள்வி. ஆல்ட்நெட் பலதும் கடன் வாங்கித்தான் கேபிள் போட்டிருக்கு, ஒண்ணை ஒண்ணு வாங்கிக்கறதும் சேர்றதும் நடந்துக்கிட்டே இருக்கு, 2024லயே லிட் ஃபைபரை சிட்டிஃபைபர் வாங்கிச்சு, பிரிஸ்க்கும் நெட்டோம்னியாவும் இணைஞ்சது. ஆனா கம்பத்துல போட்ட ஃபைபர் எங்கயும் போகாது, வாங்கறவன் வாடிக்கையாளருக்காகத்தான் வாங்கறான். என் கணிப்புல ஆபத்து சர்வீஸ் ஒரேயடியா நிக்கறதுல இல்ல, கைமாறும்போது பில்லிங்லயும் சப்போர்ட்லயும் வர்ற குழப்பத்துலதான். அதனால 24 மாச ஆஃபரை விட்டுட்டு கொஞ்சம் விலை கூடின 12 மாசத்தை எடுக்கச் சொன்னேன். 2025 ஜனவரி 17க்கு அப்புறம் போடற கான்ட்ராக்ட்ல நடுவுல விலை ஏத்தறதா இருந்தா பணவீக்கம் பிளஸ் இத்தனை சதவீதம்னு எழுதக் கூடாது, எத்தனை பவுண்டு எத்தனை பென்ஸ்னு முன்னாடியே சொல்லணும்னு ஆஃப்காம் (இங்க போன், நெட் கம்பெனிங்களைக் கண்காணிக்கற அமைப்பு) விதி, அது இதுலயும் தெளிவா இருந்தது.

சர்நேம் சிக்கல்

அலாரம் முடிஞ்சு ஆர்டர் போட்டாங்க, உடனே நின்னுச்சு. உங்க பழைய அக்கவுன்ட்டைக் கண்டுபிடிக்க முடியலன்னு வந்தது. ஒன் டச் ஸ்விட்ச் பழைய அக்கவுன்ட்டை அட்ரஸையும் சர்நேமையும் வச்சுத்தான் பொருத்திப் பாக்குது. வெள்ளைக்காரக் குடும்பத்துல யார் பேர்ல போட்டாலும் பெரும்பாலும் சர்நேம் ஒண்ணுதான். நம்ம வீட்ல அப்படி இல்லையே. அப்பாவோட சர்நேம் தாத்தா பேர், பையனோட சர்நேம் அப்பா பேர், அம்மாவோட பாஸ்போர்ட்லயும் சர்நேம்ங்கற இடத்துல கணவர் பேர், அதாவது அதே அப்பா பேர்தான். உயிரோட இருக்கற யாருக்குமே அந்த அக்கவுன்ட்ல இருக்கற சர்நேம் கிடையாது. புது கம்பெனியோட வெப்சைட்டோ ஆர்டர் போடறவர் பேரையே பழைய அக்கவுன்ட் பேரா எடுத்துக்கிச்சு, மாத்தி எழுத இடமே இல்ல.

புது கம்பெனி ஆள் ரொம்ப நல்ல மனசோட ஒரு வழி சொன்னார், ஸ்விட்ச் இல்லாம புது கனெக்‌ஷனா போட்டுடலாம், பழையதை நீங்களே கட் பண்ணிக்கோங்கன்னு. பிராட்பேண்ட் மட்டும் இருந்தா நானும் சரின்னு சொல்லியிருப்பேன். இங்க நம்பர் இருக்கு, அதனால வேண்டாம்னோம். தவறிப்போன அப்பா பேர்லயே டைப் பண்ணி ஒப்பேத்தலாம்னு ஒரு யோசனையும் வீட்ல வந்தது, அதுக்கும் நான் ஒத்துக்கல, நாளைக்கு ஒரு தகராறுன்னா அந்த ஆர்டருக்கு சம்மதம் குடுத்தது யாருங்கற கேள்வி வரும்.

பழைய கம்பெனிகிட்ட அக்கவுன்ட்டை அம்மா பேருக்கு மாத்தச் சொன்னாங்க. முதல்ல எடுத்தவர் பேர் மாறினா புது 24 மாச கான்ட்ராக்ட் போடணும்னார். அதை ஒத்துக்கிட்டிருந்தா எக்ஸிட் கட்டணம் வந்து உக்காந்திருக்கும். மறைவுக்கான தனிப் பிரிவு பெரும்பாலான பெரிய கம்பெனியில உண்டு, அதைக் கேட்டு வாங்கி இறப்புச் சான்றிதழ் நகலை அனுப்பினதும் கான்ட்ராக்ட் எதுவும் இல்லாம, அதே நம்பரோட, அம்மா பேருக்கு மாத்திக் குடுத்தாங்க. அதை ஈமெயில்ல எழுத்தா வாங்கினோம். அப்புறம் அம்மா பேர்லயே ஆர்டர் போட்டாங்க, பணம் பையன் கணக்குல இருந்து. இந்தத் தடவை உடனே பொருந்திச்சு, பழைய கம்பெனியோட மெசேஜும் வந்தது, எக்ஸிட் கட்டணம் இல்ல, லேண்ட்லைனும் சேர்ந்து போகுதுன்னு தெளிவா இருந்தது.

இன்ஸ்டலேஷன்

பையன் லீவு போட்டு உக்காந்திருந்த அன்னைக்கு இன்ஜினியர் வந்தார், கம்பத்தைப் பாத்தார், ஏற மாட்டேன்னுட்டார். கம்பத்துல டி எழுத்து போட்ட சிவப்புத் தகடு இருந்தது, பழுதான கம்பம், ஏணி சாத்தி ஏறக் கூடாதுன்னு அர்த்தம், தூக்கி வண்டியிலதான் போகணும். அவர் செஞ்சது சரி. ஆனா சர்வே பண்ணப்பவே இதைப் பாத்திருக்கணும். தூக்கி வண்டிக்கு இன்னும் மூணு வாரம் ஆச்சு.

இங்க அந்த ஸ்விட்ச் முறை காப்பாத்திச்சு. புது லைன் உயிர் வந்தப்புறம்தான் பழையதை நிறுத்தச் சொல்லி சிக்னல் போகும், அதனால அந்த மூணு வாரமும் பழைய லைன் ஓடிக்கிட்டே இருந்தது. தேதி குறிச்சு கையால கட் பண்ணியிருந்தா நெட்டும் இல்ல நம்பரும் இல்ல.

தாமதத்துக்கு இழப்பீடு தானா வரல. ஏப்ரல் 2019ல ஆரம்பிச்ச தானியங்கி இழப்பீடு திட்டத்துல தாமதமான ஒவ்வொரு நாளுக்கும் 5 பவுண்டு, இன்ஜினியர் வராத அப்பாயின்ட்மென்ட்டுக்கு 25 பவுண்டுன்னு வச்சாங்க, அப்புறம் விலைவாசிக்கு ஏத்தபடி கூட்டிக்கிட்டு வர்றாங்க, ஆனா அதுல சேர்றது கம்பெனியோட விருப்பம், இந்தச் சின்ன கம்பெனி சேரல. கேட்டப்புறம் ஒரு மாசக் காசை விட்டுக் குடுத்தாங்க.

ரெண்டாவது தடவை வந்தவர் பொறுமையா வேலை பாத்தார். ஃபைபர் வந்து முடியற ஓஎன்டி பெட்டியை வாசல் ரூம் மூலையில வைக்கறேன்னார், அது அவருக்கு சுலபம். ஹால்ல, ப்ளக் பக்கத்துல, மாடிப்படிக்குக் கீழன்னு முன்னாடியே முடிவு பண்ணி வச்சிருந்ததால சொல்லி மாத்திக்க முடிஞ்சது. சுவத்துல ஒரு தடவை ஓட்டை போட்டுட்டா அப்புறம் மாத்தறது பெரும்பாடு.

அப்புறம் நடந்தது

கேபிள்ல பாத்தா ரெண்டு பக்கமும் 500 பக்கம் வந்தது, சாயங்காலமும் குறையல. நம்பர் அடுத்த வேலை நாள் மாறி வந்தது. மாடி வைஃபை எதிர்பார்த்த மாதிரியே மோசம், அதுக்கு ஒரு நெட்வொர்க் கேபிளை மாடிக்கு இழுத்து அங்க தனி ஆக்சஸ் பாயின்ட் (வைஃபை குடுக்கற பெட்டி) வச்சோம்.

கேமராவை வெளிய இருந்து பாக்க முடியல. இது வரும்னு முன்னாடியே சொல்லி வச்சிருந்தேன். ஐரோப்பாவுக்கு ஐபி அட்ரஸ் பிரிச்சுக் குடுக்கற ரைப் அமைப்புகிட்ட பழைய வகை அட்ரஸ் 2019 நவம்பர்லயே தீர்ந்து போச்சு, அதுக்கப்புறம் வளர்ந்த கம்பெனிங்ககிட்ட கையிருப்பு கம்மி, அதனால நிறைய வீட்டுக்கு ஒரே பொது அட்ரஸைப் பகிர்ந்து குடுக்கறாங்க, இதுக்கு சிஜிநாட்னு பேர். ஒரே கதவு எண்ல நாப்பது குடும்பம் இருக்கற மாதிரி, வெளிய இருந்து வர்றவனுக்கு யார் வீட்டுக்குப் போறதுன்னு தெரியாது. ரவுட்டர் பக்கத்துல வெளிப்பக்க அட்ரஸ்னு (WAN) காட்டறது 100.64ல இருந்து 100.127க்குள்ள ஆரம்பிச்சா அதுதான்.

தனி ஐபி மாசம் சில பவுண்டுக்குக் கிடைக்கும், பையன் அதை வாங்கிடலாம்னார். நான் வேண்டாம்னேன். கேமரா ரெக்கார்டரை நேரா இன்டர்நெட்ல திறந்து வைக்கறதே ஆபத்து, 2016ல மிராய்ங்கற வைரஸ் இந்த மாதிரி கேமராவையும் ரெக்கார்டரையும் லட்சக்கணக்குல பிடிச்சு வச்சுத்தான் பெரிய பெரிய வெப்சைட்டையெல்லாம் முடக்கிச்சு. அதனால வீட்ல எப்பவும் ஓடற ஒரு குட்டி கம்ப்யூட்டர்ல, உள்ள இருந்தே வெளிய போய் இணையற வகை விபிஎன் (பூட்டுன தனி வழி) போட்டு அது வழியா கேமராவைப் பாக்கற மாதிரி வச்சோம், சிஜிநாட் இருந்தாலும் வேலை செய்யும், முன்னாடி இருந்ததை விடப் பாதுகாப்பு.

செப்டம்பர்ல ஒரு ராத்திரி கரன்ட் போச்சு. ஓஎன்டிக்கும் ரவுட்டருக்கும் கரன்ட் வேணும், அதனால இப்ப லேண்ட்லைனும் கரன்ட்டை நம்பித்தான், பழைய செம்பு போன் மாதிரி எக்ஸ்சேஞ்ச்ல இருந்து கரன்ட் வராது. வேற வழியில்லாம லேண்ட்லைனையே நம்பியிருக்கறவங்களுக்கு கரன்ட் போனாலும் ஒரு மணி நேரமாவது அவசர நம்பருக்குப் பேச வழி செஞ்சு குடுக்கணும்னு ஆஃப்காம் சொல்லுது. இவங்க வீட்ல மொபைல் சிக்னல் நல்லா இருக்கறதால கம்பெனி எதுவும் குடுக்கல, நாங்களே ஒரு சின்ன யுபிஎஸ் வாங்கி ரெண்டுக்கும் மாட்டியிருந்தோம். நெட் தொடர்ந்து ஓடிச்சு, ஏன்னா ஃபைபர் வழியில தெருவுக்கு நடுவுல கரன்ட் தேவைப்படற சாமான் இல்ல. அலாரம் டப்பா தன் பேட்டரியில ஓடிச்சு, அம்மா அன்னைக்கு அழுத்திப் பாத்தாங்க, சென்டர்ல எடுத்தாங்க.

அக்டோபர்ல வேற யாரோ ரோடு தோண்டி ஃபைபரை அறுத்துட்டாங்க. இங்கதான் சின்ன கம்பெனியோட மறுபக்கம் தெரிஞ்சது. சனிக்கிழமை மதியம், போன் லைன் மூடியாச்சு, சாட் மட்டும்தான், அதுலயும் பதில் வர நேரம் ஆச்சு. ஞாயிறு சாயங்காலம் சரியாச்சு. வார நாள்ல போன் பண்ணினா உடனே விஷயம் தெரிஞ்ச ஆளே எடுக்கறாங்க, பெரிய கம்பெனியில அது கிடைக்கல. ரெண்டும் உண்மை. மருமகளோட ஞாயிறு டியூஷன் மொபைல் ஹாட்ஸ்பாட்ல நடந்தது.

இன்னொரு வீட்டுக்கு செஞ்சா என்ன மாத்துவேன்

அக்கவுன்ட் யார் பேர்ல, சர்நேம் எப்படி எழுதியிருக்குன்னு முதல் நாளே பில்லை வாங்கிப் பாக்கச் சொல்லுவேன். அலாரத்துக்காகக் காத்திருந்த அந்த வாரங்கள்லயே பேர் மாத்தற வேலையும் முடிஞ்சிருக்கும், ஆஃபரும் கையை விட்டுப் போயிருக்காது (இவங்களுக்கு அது போச்சு, அடுத்து வந்த ஆஃபர் மாசம் ரெண்டு பவுண்டு கூட). நம்ம ஆளுங்க வீட்ல இந்த சர்நேம் விஷயம் திரும்பத் திரும்ப வரும், ஏன்னா அப்பா பேர்லயோ முன்னாடி குடியிருந்த அண்ணன் பேர்லயோ ஓடிக்கிட்டு இருக்கற அக்கவுன்ட் அவ்வளவு இருக்கு.

கம்பத்துல சிவப்புத் தகடு இருக்கான்னு போட்டோ எடுத்து ஆர்டரோட அனுப்பச் சொல்லுவேன், ஒரு நாள் லீவு மிச்சம்.

ஈமெயிலை ஆர்டருக்குக் குறைஞ்சது ஆறு மாசம் முன்னாடி மாத்த ஆரம்பிக்கணும். இந்த வீட்ல மாறினதுக்கு அப்புறம்தான் அதைத் தொட்டாங்க, பழைய மெயில்பாக்ஸ் கொஞ்ச நாள் இருக்கும்ங்கற தைரியத்துல. பேங்க் சுலபமா மாறிடுச்சு, அம்மாவோட பென்ஷன் லாகின் மட்டும் பழைய ஈமெயிலுக்கே கோட் அனுப்பிக்கிட்டு இருந்ததால போன்லயே மூணு நாலு தடவை பேச வேண்டியதாச்சு. இதை எழுதற நவம்பர்ல ஆஸ்பத்திரி போர்ட்டல் ஒண்ணு இன்னும் பாக்கி.

அதே தெருவுல இன்னொரு தமிழ் வீட்ல அதே பழைய வெள்ளை டப்பா போன் சாக்கெட்ல இருக்கு. அவங்களும் ஃபைபர் கேக்கறாங்க. கவுன்சில்ல டப்பா மாத்தறதுக்கு முதல்ல பேர் குடுக்க வச்சிருக்கோம், ஆர்டர் இன்னும் போடல.